கொச்சிக்கால்: கிருமி நீங்கியும் நீங்காத நோய்

போர்ச்சுகல் தேசத்து இளவரசருக்கு மருந்து கூட்டிக் கொடுத்த உத்தியோகத்தை விட்டுக் கப்பலேறி, 1511-ஆம் ஆண்டில் மலையாளக் கரையை அடைந்து, 1512-க்கும் 1515-க்கும் இடையில் கீழைத்தேசங்களின் வாணிபத்தைக் குறித்து விரிவான விவர நூலொன்றை எழுதிய தோமே பிரேஸ் என்பவர், மிளகையும் இஞ்சியையும் துறைமுகங்களையும் அரசர்களையும் வரிசைப்படுத்திச் சொல்லிக்கொண்டு போகும்போது, மலையாள நாட்டு ஜனங்களின் கால்களைப் பற்றியும் சில வரிகள் எழுதிவைத்தார். நாயர், பிராமணர், தாழ்ந்த குலத்தவர் என்ற பேதமின்றி நாலில் ஒருவருக்கோ ஐந்தில் ஒருவருக்கோ கால் பருத்து வீங்கியிருக்கிறது என்றும், சதுப்பு நிலத்துத் தண்ணீரில் ஓயாமல் நடப்பதே அதற்குக் காரணமென்று அவ்வூரார் சொல்லுகிறார்கள் என்றும் அவர் குறித்திருப்பது, மருந்துக்கடைக்காரரின் கண்ணுக்குத் தப்பிப் போகாத காட்சி அது என்பதைக் காட்டுகிறது. அவர் கணக்கு கண்ணளவுக் கணக்கே எனினும், நோய் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதற்கு அது போதுமான சாட்சி.

அவருக்குப் பின் வந்த ஐரோப்பியர்களும் இதைக் காணாமல் போகவில்லை. 1596-இல் தம் பிரயாண நூலை அச்சிட்ட டச்சுக்காரரான லின்ஸ்கோட்டன், அப்போஸ்தலர் தோமையாரைக் கொன்றவர்களின் சந்ததிக்கு இப்படிப்பட்ட கால் சாபமாக வாய்த்தது என்று வழங்கிவந்த கதையைப் பதிவு செய்தார். 1709-இல் கிளார்க் என்பவர் கொச்சியில் கண்ட வீங்கிய கால்களை ‘மலபார் கால்’ என்று குறிப்பிட்டார். யூல், பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்து 1886-இல் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியமான ‘ஹாப்சன்-ஜாப்சன்’, ‘கொச்சிக்கால்’ என்ற தலைப்பிட்டே இதற்கு ஓர் இடம் ஒதுக்கியது. மிளகுக்கும் துறைமுகத்துக்கும் பேர்போன ஓர் ஊர், உலகத்தின் கண்ணில் ஒரு வியாதிக்கும் பெயர் கொடுத்தவாறு இது.

இந்த வியாதியையே நாம் யானைக்கால் என்கிறோம். மலையாளிகள் மந்து என்கிறார்கள். வடமொழி வைத்திய சாஸ்திரத்தில் இதன் பெயர் சிலீபதம். பழந்தண்ணீர் தேங்கி, எல்லாப் பருவத்திலும் ஈரமும் குளிர்ச்சியும் மாறாத பிரதேசங்களில் சிலீபதம் விசேஷமாக உண்டாகிறது என்று சுசுருத சம்ஹிதை கூறுகிறது. நுண்ணோக்கியையோ கொசுவின் வயிற்றையோ கண்டிராத காலத்தில், நோய்க்கும் நீருக்கும் உள்ள சம்பந்தத்தை இவ்வளவு கிட்டத்தில் கண்டுகொண்டது வியக்கத்தக்கதே. ஆனால் அந்த வாக்கியம் எந்த ஊருக்கேனும் இலக்கணமாக எழுதப்பட்டதென்றால், அது கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதிக்கே எழுதப்பட்டது போலத் தோன்றும்.

1341-இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் முசிறித் துறையை மண்ணிட்டு மூடிக் கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பது பாரம்பரியமாகச் சொல்லப்படும் வரலாறு. அவ்வாறு பிறந்த துறைமுகத்தின் கரையில், கடல்மட்டத்துக்கு மிகச் சிறிதே உயர்ந்த தாழ்நிலத்தில், மிளகுக் கிடங்குகளும், 1568-இல் எழுந்த பரதேசி யூதர் ஜெபாலயமும், போர்ச்சுகீசியர் கட்டிக்கொடுத்து டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையும், கொங்கணியரின் திருமலை தேவஸ்தானமும், குஜராத்தியரின் வாணிபத் தெருக்களும், சற்றுத் தூரத்தில் வெளி என்னும் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளும் நெருங்கி அமைந்தன. கல்வத்திக் கால்வாயும் ராமேசுவரம் கால்வாயும் கடலேற்றத்துக்கும் கடலிறக்கத்துக்கும் இடையில் மந்தமாக ஊர்ந்தன. வீட்டுக்கு வீடு கிணறும், குளமும், கழிவுநீர்ச் சாலும் இருந்தன. அசுத்த நீரில் முட்டையிட்டுப் பெருகி இந்நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் என்ற கொசுவுக்கு இதைவிட உவப்பான ராஜதானி வேறெங்கே கிடைக்கும்?

காரணத்தைக் கண்டுபிடித்த கதை பல தேசங்களில் துண்டு துண்டாக நடந்தது. 1863-இல் பாரிஸில் தெமார்க்கே என்ற வைத்தியர், விரைவீக்கத்திலிருந்து எடுத்த நீரில் நுண்ணிய இளம்புழுக்களைக் கண்டார். 1866-இல் பிரேஸிலில் வூக்கரர் பால்போன்ற சிறுநீரில் அவற்றைக் கண்டார். 1872-இல் கல்கத்தாவில் திமொதி லூயிஸ் மனித ரத்தத்திலேயே அவை நீந்துவதைக் கண்டு அறிவித்தார். தாய்ப்புழு எங்கே என்ற கேள்விக்கு 1876-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து ஜோசப் பாங்க்ராஃப்ட் விடை கண்டார். மறு ஆண்டிலேயே சீனத்துறைமுகமான அமோயில் பாட்ரிக் மேன்ஸன், அந்த இளம்புழுக்கள் கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் காட்டினார். ஒரு பூச்சி மனித நோய்க்கிருமியைத் தன்னுள் வளர்க்கிறது என்பதற்கு வைத்திய உலகம் பெற்ற முதல் நிரூபணம் அதுவே. கொசு கடித்த பிறகு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் பற்றுகிறது என்றே மேன்ஸன் எண்ணியிருந்தார். 1900-இல் ஜார்ஜ் லோ கொசுவின் துதிக்கையிலேயே புழுவைக் கண்டபோதுதான், தண்ணீருக்கும் நோய்க்கும் இடையிலுள்ள சங்கிலியில் விடுபட்டிருந்த கண்ணி கிடைத்தது.

கொச்சியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள சேர்த்தலையில் வேறொரு புழு, வேறொரு கொசு. மட்டாஞ்சேரி போன்ற நகரங்களில் ஆட்சி செய்தது வூக்கரேரியா பாங்க்ராஃப்டி என்றால், சேர்த்தலையில் ஆட்சி செய்தது புருகியா மலாயி. அதைச் சுமந்த மான்ஸோனியா கொசுவின் புழுக்கள் மூச்சுக் காற்றுக்காக நீரின் மேல்மட்டத்துக்கு வருவதில்லை; ஆகாயத்தாமரையின் வேரில் தம் சுவாசக் குழலைக் குத்தி, செடியின் காற்றையே உறிஞ்சி வாழ்கின்றன. தென்னைக்கு உரமாகுமென்று ஜனங்கள் அந்தச் செடியைக் குளங்களில் வளர்த்து வந்தார்கள். 1930-களில் திருவிதாங்கூரில் ஆராய்ச்சி நடத்திய எம்.ஓ.டி. ஐயங்கார், செடியை நீக்கினால் கொசுவும், கொசு குறைந்தால் நோயும் குறையும் என்று எடுத்துக்காட்டினார். அரை நூற்றாண்டுக்குப் பின், புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் சேர்த்தலைக்கு வந்தபோது, அதே கருத்தைக் குளங்களில் மீன் வளர்க்கும் யோசனையோடு இணைத்தது; செடி போனால் உரம் போகிறதே என்று வருந்திய குடும்பத்துக்கு மீன் வருமானமாயிற்று.

புழுவின் கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கு அவசியமில்லை. நம் விசாரணைக்கு உரியது, புழுவுக்கும் காலுக்கும் இடையில் கழிகிற அந்த நீண்ட காலமே.

நம் தேகத்தில் ரத்தக் குழாய்களைத் தவிர இன்னொரு குழாய்த் தொகுதியும் உண்டு. ரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் மிஞ்சியதை, நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் அளவுக்கு, திரட்டி மீண்டும் ரத்தத்தில் சேர்ப்பது அதன் தொழில். இந்த நிணநீர்க் குழாய்களில் நீரைத் தள்ளிவிட இதயத்தைப்போல் ஒரு யந்திரம் இல்லை; குழாய்ச் சுவரின் சிறு துடிப்பும், தசைகளின் அசைவும், இடைக்கிடையே அமைந்த கதவுகளுமே அதை மேல்நோக்கி ஏற்றுகின்றன. கொச்சியைச் சுற்றிலுமுள்ள பொக்காளி வயல்களின் மதகுப் பலகை, தண்ணீரை ஒரு திசையில் விட்டு மறு திசையில் தடுப்பது போலவே அந்தக் கதவுகள் வேலை செய்கின்றன. பலகைக்கும் கரைக்கும் இடையில் சந்து விழுந்தால் வயல் என்னவாகுமோ, அதுவே காலுக்கும் ஆகிறது.

கொசுவின் வழியாக நுழைந்த புழுக்கள் தங்கும் இடம் இந்தக் குழாய்களே. நூல்போன்ற பெண்புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் வளர்ந்து, ஆறெட்டு ஆண்டுகள் உயிர்வாழ்ந்து, கோடிக்கணக்கில் இளம்புழுக்களை ஈனுகிறது. அவை பகலில் நுரையீரலின் சிறு ரத்தக் குழாய்களில் பதுங்கியிருந்து, கொசு கடிக்க வரும் நள்ளிரவை ஒட்டி ரத்தத்தில் மிதந்து வெளிவருகின்றன. சுகாதார ஊழியர்கள் இன்றும் கொச்சிப் பகுதியில் இரவு நேரத்தில் வீடு வீடாகவும் தொழிலாளர் விடுதிகளிலும் சென்று ரத்தத் துளி எடுப்பது இதனாலேயே. இத்தனை புழுக்கள் குடியிருந்தும், அந்த மனிதர் பெரும்பாலும் எந்த உபத்திரவத்தையும் உணர்வதில்லை. பகைவனைக் கண்டால் சீறவேண்டிய தேகத்தின் தற்காப்புச் சக்தியைப் புழு தாலாட்டித் தூங்க வைத்துவிடுகிறது. அழற்சியை அடக்கும் ரசாயனங்களைத் தேகமே சுரந்து, விருந்தாளிக்கு உடன்படிக்கை எழுதிக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் உபத்திரவம் தெரியவில்லை என்பதால் சேதம் இல்லை என்று கொள்ளலாகாது. ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஆர்.கே. ஷேணாயும் அவர் சகாக்களும், புருகியா மலாயி தொற்றிய குழந்தைகளின் கால்களில் நிணநீரின் ஓட்டத்தைப் படமெடுத்துப் பார்த்தபோது, மூன்று வயதிலிருந்தே குழாய்கள் விரிந்து கோணியிருப்பதைக் கண்டார்கள். அக்குழந்தைகளின் கால் வெளியே பார்க்கச் சாதாரணக் காலே. தக்க சமயத்தில் மருந்து கொடுத்தால் அந்தச் சேதத்தில் ஒரு பகுதி திரும்பிச் சரியாகவும் கூடும் என்பது அவர்கள் ஆராய்ச்சியின் ஆறுதலான பகுதி. நாற்பது வயதில் ஒருவரைத் தெருவில் நடக்க நாணவைக்கும் நோய்க்கு, அவர் அட்சராப்பியாசம் செய்வதற்கு முன்பே அஸ்திவாரம் போடப்பட்டிருக்கிறது என்று அதிலிருந்து விளங்கும்.

பிறகு வருவது புழுவின் மரணம். உயிரோடிருந்த வரையில் அமைதியாகக் கிடந்த புழு, முதுமையினாலோ மருந்தினாலோ சாகும்போது, அதன் உடலுக்குள்ளேயே குடியிருந்த வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் வெளிப்பட்டுத் தேகத்தின் சினத்தைக் கிளப்புகிறது. நெறி கட்டுகிறது, குழாய் தடித்துச் சிவக்கிறது. அதற்கும் மேலாக மூன்றாவதொரு விபத்து உண்டு. நிணநீர் தேங்கிய காலில் விரலிடுக்குகள் வெடித்துப் புண்ணாகின்றன. அவ்வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலிய சாதாரணக் கிருமிகள் நுழைகின்றன. குளிரும் காய்ச்சலும் நெறிகட்டுமாகப் படுக்கையில் தள்ளும் அந்த ‘யானைக்கால் காய்ச்சல்’ ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் கால் முன்னிலும் பருத்து, தோல் தடித்து, மடிப்பு விழுகிறது. பல வருஷங்கள் சென்றபின் அந்தக் காலின் உரிமையாளரை நள்ளிரவில் எழுப்பி ரத்தம் எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு புழுகூடக் கிடைப்பதில்லை. நோயை விதைத்த புழு எப்போதோ போய்விட்டது. நோய் மட்டும் நின்றுவிட்டது.

இங்கே நாம் சற்று நின்று ஆலோசிக்க வேண்டும். நோய்க்கொரு கிருமி, கிருமிக்கொரு நோய் என்ற நியதியை ஸ்தாபித்தவர் ஜெர்மானிய மேதையான ராபர்ட் கோக். நோயாளி ஒவ்வொருவரிடத்தும் அக்கிருமி இருக்கவேண்டும், நோயற்றவரிடத்தில் இருக்கலாகாது என்பதே அவர் விதிகளின் சாரம். காசநோயையும் காலராவையும் பிடிப்பதற்கு அந்த நியதி அரிய கருவியாக இருந்தது. கொச்சிக்காலோ அதை இரண்டு பக்கத்திலும் மீறுகிறது: ரத்தமெல்லாம் கிருமி நிறைந்தவர் திடகாத்திரராக நடமாடுகிறார், தூக்க முடியாத காலைச் சுமப்பவரிடம் கிருமி இல்லை. தொற்றுக்கும் நாட்பட்ட நோய்க்கும் உள்ள உறவு, அம்புக்கும் காயத்துக்கும் உள்ள நேரான உறவு அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. கிருமியின் வாசம், கிருமியின் மரணம், அது விட்டுச்சென்ற வடு, அந்த வடுவைப் பயன்படுத்திக்கொள்ளும் வேறு கிருமிகள், இவற்றையெல்லாம் எதிர்த்துத் தேகம் செய்யும் கைங்கரியங்களில் நேரும் பிசகு என்று ஐந்தாறு காரணங்கள் வருஷக்கணக்கில் கைகோத்து நடந்தே ஒரு தீராநோயை ஆக்குகின்றன.

இந்த அறிவோடு மற்ற வியாதிகளைப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் இக்காரணங்களில் ஏதாவதொன்று தலைதூக்கி நிற்பது புலப்படும். குழந்தைப் பருவத்தில் தொண்டைப்புண் உண்டாக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சில நாட்களில் மறைந்துவிட, அதைத் தாக்க எழுந்த தற்காப்புப் படை இதயத்தின் கதவுகளை அந்நியமென்று எண்ணித் தாக்குவதே வாத இதயநோய். நம் தேசத்து ஏழைக் குடும்பங்களில் இளவயதினரின் இதயத்தைப் பழுதாக்குவதில் அது முக்கியமானது. இரைப்பைப் புண்ணுக்கு மனக்கவலையும் காரமுமே காரணம் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஹெலிகோபாக்டர் என்ற கிருமியே அதன் காரணமென்று காட்டத் தாமே அக்கிருமியைக் குடித்துப் பார்த்த பாரி மார்ஷலுக்கும், அவர் சகாவான ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே கிருமி போகாமல் தங்கியிருப்பதே வினை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு பாப்பிலோமா வைரஸ் காரணமென்று நிறுவிய ஹரால்ட் சூர் ஹௌஸன் 2008-இல் அப்பரிசைப் பெற்றார். அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்த ஒரு கோடிப் பேரின் சேமித்த ரத்த மாதிரிகளைக் கொண்டு 2022-இல் வெளியான ஆராய்ச்சி, எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றிய பின்பு நரம்புகளின் உறையை அரிக்கும் மல்டிபிள் ஸ்க்லிரோஸிஸ் வரும் அபாயம் 32 மடங்கு உயர்வதைக் காட்டியது. எங்கும் சாதாரணமாகப் பரவியுள்ள ஒரு வைரஸ், மிகச் சிலரிடத்தில் மட்டும் ஏன் அந்த வினையை விளைக்கிறது என்பது இனி அவிழவேண்டிய முடிச்சு.

கேரளத்துக்குத் தனிப்பட்ட அனுபவமும் உண்டு. 2006-இலும் 2007-இலும் சிக்குன்குனியா இம்மாநிலத்தைச் சூறையாடியபோது, காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கியது. மூட்டுவலி பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் இறங்கவில்லை. தென்னை ஏறுகிறவருக்கும், கயிறு திரிக்கிறவருக்கும், மீன்வலை இழுக்கிறவருக்கும் விரல் மடங்காமல் போவது பிழைப்பே மடங்கிப்போவதற்குச் சமானம். கோவிட் பெருந்தொற்றின்போது, காய்ச்சல் தீர்ந்தும் களைப்பும் மூச்சுத்திணறலும் தீராதவர்களுக்கென்று கேரள அரசு 2020-இலேயே தனிச் சிகிச்சை மையங்களைத் தொடங்கியதில், யானைக்காலோடும் சிக்குன்குனியாவோடும் நெடுங்காலம் பழகிய ஒரு சமூகத்தின் விவேகம் தென்படுகிறது.

இனிச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாறாணத்துப் பிராந்தனின் கதை கேரளத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். சுடுகாட்டில் எதிர்ப்பட்ட பத்திரகாளி வரம் கேள் என்று வற்புறுத்த, ஆயுளில் ஒரு நாள் கூட்டவோ குறைக்கவோ கேட்டும் அது அவளால் ஆகாது என்று அறிந்துகொண்டபின், ஒரு காலிலிருந்த மந்தை மறுகாலுக்கு மாற்றிக் கொடு என்று அவன் கேட்டானாம். பரிகாசக் கதைதான், ஆயினும் தெய்வத்தாலும் இடம் மாற்றத்தான் முடியும், தீர்க்க முடியாது என்ற நம்பிக்கை எத்தனை தலைமுறை நோயாளிகளின் அனுபவத்திலிருந்து பிறந்திருக்கவேண்டும்!

1947-இல் டைஎதில்கார்பமஸின் என்ற மருந்தின் குணம் தெரியவந்தது. ரத்தத்திலுள்ள இளம்புழுக்களை அது விரைவில் அகற்றிவிடும். 1955-இல் நம் நாட்டில் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 2004 முதல், நோயுள்ள மாவட்டங்களில் நோயுற்றவர், நோயற்றவர் என்று பாராமல் எல்லாருக்கும் ஆண்டுக்கொரு முறை மருந்து கொடுக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது உலகில் 12 கோடிப் பேருக்குத் தொற்றும், அவர்களில் 4 கோடிப் பேருக்கு அங்கக் கோளாறும் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. அதன் பின்னர் சீனாவும், தென்கொரியாவும், 2016-இல் இலங்கையும் மாலத்தீவும் நோய் ஒழிந்த நாடுகளாக அங்கீகாரம் பெற்றன. இந்தியா 2027-ஐ இலக்காகக் கொண்டிருக்கிறது. கேரளத்தின் பல மாவட்டங்களில் பரவல் வெகுவாகத் தணிந்துவிட்டது.

ஆனால் அந்த மாத்திரை பருத்த காலைச் சுருக்காது. புழு இல்லாத காலில் புழுக்கொல்லி மருந்துக்கு என்ன வேலை? அங்கே பயன்படுவது, கேட்பவர் அலட்சியமாக எண்ணக்கூடிய அளவுக்கு எளிய காரியங்கள்: தினமும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு காலைக் கழுவுதல், விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தல், வெடிப்புக்குக் களிம்பிடுதல், படுக்கும்போது காலை உயர்த்தி வைத்தல், கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்தல், பொருத்தமான செருப்பணிதல். ஆலப்புழையில் நடத்திய பரிசோதனைகளிலேயே, இப்படிக் காலைப் பேணியவர்களுக்குக் காய்ச்சல் வரும் தடவைகள் குறைந்தன என்று நிரூபணமாயிற்று. கேரளத்தின் வடகோடியான காசர்கோட்டில் எஸ்.ஆர். நரஹரி நிறுவிய பயன்பாட்டுத் தோல்மருத்துவ நிறுவனம், ஆயுர்வேதத் தைலமும் யோகப் பயிற்சியும் நவீனக் கட்டுத்துணிச் சிகிச்சையும் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பருத்திருந்த கால்களின் அளவைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. புழுவைக் கொல்ல மாத்திரை போதும். காலைப் பேணுவதற்கு வாழ்நாள் முழுவதும் ஒரு செவிலியும், ஒரு வாளித் தண்ணீரும், அக்கறையுள்ள ஒரு குடும்பமும் வேண்டும்.

ஒரு நோய் ஒழிந்தது என்று அறிவிக்கும் நாளில் அந்நோயாளிகளும் ஒழிந்துவிடுவதில்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் உணர்ந்தே, பரவலைத் தடுப்பதையும் பாதிக்கப்பட்டவரின் துன்பத்தைக் குறைப்பதையும் ஒருசேரத் தன் திட்டத்தின் இரு இலக்குகளாக வகுத்தது. அங்கீகாரம் கோரும் நாடு, எஞ்சியுள்ள நோயாளிகளுக்கு என்ன சிகிச்சை வசதி வைத்திருக்கிறது என்பதையும் எழுதிக் காட்டியாகவேண்டும். 1947 முதல் யானைக்கால் எதிர்ப்பு இயக்கத்தை நடத்திவரும் இலங்கையில், நோய் ஒழிந்த பிறகும் நோயாளிகளுக்கான சிகிச்சை நிலையங்கள் மூடப்படவில்லை. சிக்குன்குனியாவின் மூட்டுவலிக்கும், வாத இதயநோய்க்கும், கோவிட் விட்டுச்சென்ற களைப்புக்கும் இதே கணக்கு முறையைக் கையாளவேண்டும்: ஓர் ஆண்டில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுதும் சுகாதாரப் பதிவேட்டில், எத்தனை பேர் இன்னும் பழையபடி வேலைக்குத் திரும்பவில்லை என்பதற்கும் ஒரு பத்தி இருக்கவேண்டும். அந்தப் பத்தி நிரப்பப்படும் வரையில், தொற்றுநோயைக் குறித்த நம் புள்ளிவிவரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அரைக்கணக்கே.